ஹேண்டில் பிடிக்கும் கை

இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சாக்குத் துண்டில் சுற்றிக்கொண்டு மில்காரன் பட்டறைக்குள் நுழைந்தபோது, மெக்கானிக்கின் கையில் இருந்த சுத்தியல் தானாக ஒரு முறை மேலே எழுந்து இறங்கியது. அடிக்கவில்லை. அடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், அவனுடைய வாழ்க்கையும் கூடவே முடிந்திருக்கும்.

மில்காரன் அவனுடைய அக்கா புருஷன், மரம் அறுக்கும் மில் முதலாளி. மரியாதையாக மில்காரர் என்று சொல்லலாம். ஆனால் நான்கு நாளைக்கு முன் அக்கா இதே பட்டறை வாசலில் வந்து நின்ற கோலத்தைப் பார்த்த எவருக்கும் அந்த மரியாதை நாக்கில் வராது. வலது கன்னம் புடைத்து, வலது கண் ஒரு கோடாக மூடி, காதோரம் ரத்தம் காய்ந்து கிடந்தது. ஐந்து நிமிஷம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். சும்மா உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு முழுக்க மெக்கானிக்கால் ஒரு போல்ட்டைக்கூட ஒழுங்காக முடுக்க முடியவில்லை.

ஏற்கனவே ஒரு முறை அவன் நேரே போய் மில்காரனின் சட்டையைப் பிடித்திருக்கிறான். மில் ஆட்கள் அவனைத் தூக்கி மரத்தூள் குவியலில் வீசினார்கள். அந்த வாரம் அக்காவுக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அடி விழுந்தது. போலீசுக்கும் போனான். குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினார்கள். தான் கோபப்பட்டால் அடி அக்காவுக்குத்தான் போய்ச் சேரும் என்று அதோடு அவனுக்குப் புரிந்துபோனது. யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாதபடி மில்காரனின் அந்தக் கை ஒடிய வேண்டும். இதை நினைத்துக்கொண்டுதான் அவன் இரண்டு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

இப்போது அந்தக் கையே வேலை கொண்டுவந்து கொடுத்தது.

மில்லில் வட்ட ரம்பத்தைச் சுற்றுவது ஒரு கிழட்டு டிராக்டர். உழுத காலமெல்லாம் போய், பக்கவாட்டுச் சக்கரத்தில் பெல்ட் மாட்டிக்கொண்டு மரம் அறுக்கிறது. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் ரகம். செல்ஃப் கிடையாது. ரேடியேட்டருக்குக் கீழே இரும்பு ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்றினால்தான் உயிர் வரும். தடித்த மரத்தைத் தொட்டால் பாதியிலேயே மூச்சு வாங்குகிறது, பழைய மாடல் டிஸ்ட்ரிபியூட்டரை நம்பிப் பிரயோசனம் இல்லை, வேறு ஏதாவது செய்து பலம் ஏற்றிக் கொடு என்றான் மில்காரன். மச்சான் மச்சான் என்று வாய் நிறையக் கூப்பிட்டான். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சரி மாமா என்றான் மெக்கானிக்.

அவன் செய்த வேலையில் குறை சொல்ல முடியாது. அதுதான் வேடிக்கை. பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு ஆடியது, திறக்கும்போது பொறியை எழுப்பும் பாயிண்ட் தேய்ந்து குழியாகிக் கிடந்தது. உடைத்துப் போட்ட ஒரு காரிலிருந்து நல்ல டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றை எடுத்து, அதன் தண்டை லேத்தில் கொடுத்து அரை விரல் குறைத்து, அடி நாக்கை டிராக்டரின் பள்ளத்துக்கு ஏற்றபடி அரத்தால் தேய்த்தான். இரண்டு நாள் பிடித்தது. கடைசியாக ஒரு மாற்றம் செய்தான். பழையது ஒரே இடத்தில் ஆணி அடித்ததுபோல நிற்கும், அசைக்க முடியாது. புதியதற்கு ஒரு வளையமும் ஒரே ஒரு போல்ட்டும் வைத்தான். போல்ட்டைத் தளர்த்தினால் டிஸ்ட்ரிபியூட்டர் மொத்தமும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பும். திருப்புகிற அளவுக்கு, இன்ஜினுக்குள் பொறி விழும் நேரம் மாறும்.

நேரம் சரியாக இருந்தால் பிஸ்டன் உச்சிக்கு வந்து சேரும் தருணத்தில் பொறி விழுந்து, வெடி அதைக் கீழே தள்ளும். ரொம்ப முன்னதாக விழுந்தால், ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை வெடி வந்த வழியே திருப்பி அனுப்பும். ஓடுகிற வண்டிக்கு அது ஒன்றும் செய்யாது, வேகத்தில் சமாளித்துவிடும். கையால் சுற்றும்போதுதான் வம்பு. ஹேண்டில் திருப்பி அடிக்கும். அப்படி அடித்து மணிக்கட்டு மூன்று துண்டான ஒரு டிரைவரை மெக்கானிக் பார்த்திருக்கிறான். அவன் கட்டை விரல் பின்பக்கமாகத் தொங்கியது. அதனால்தான் தொழில் தெரிந்தவர்கள் ஹேண்டிலைக் கட்டை விரலால் வளைத்துப் பிடிக்க மாட்டார்கள். ஐந்து விரலையும் ஒரே பக்கம் வைத்து இழுப்பார்கள், அடித்தால் கை நழுவிவிடும். மில்காரனோ முஷ்டி மடக்கிப் பிடிக்கிறவன். தன் பலத்தின் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. அவனைத் தவிர வேறு யாரும் அந்த ஹேண்டிலைத் தொடக்கூடாது என்பது மில்லின் சட்டம் என்று ஊருக்கே தெரியும்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மெக்கானிக் மில்லுக்குப் போனான். வீடும் மில்லும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. நடுவில் மரங்கள் அடுக்கிய முற்றம், தெருப்பக்கம் கனத்த இரும்பு கேட். இரண்டு ரம்பக்காரர்கள் வேலையில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக் ரம்பத்தின் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டி, வயர்களை இணைத்து, முடிந்தது மாமா, சுற்றிப் பாருங்கள் என்றான். பொறி ரொம்ப முன்னதாக விழும்படிதான் அவன் டைமிங்கை வைத்திருந்தான்.

மில்காரன் எழுந்திருக்கவில்லை. பட்டறை வழக்கம் மறந்துவிட்டதா என்று சிரித்தான். டைமிங்கில் கை வைத்தவன்தான் முதல் சுற்று சுற்ற வேண்டும், அதுதானே உங்கள் தொழில் தர்மம் என்றான். ரம்பக்காரர்களும் தலையாட்டினார்கள்.

மெக்கானிக்குக் குப்பென்று வியர்த்தது. ஆனால் மூளை வேலை செய்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி, போல்ட்டைத் தளர்த்தி, எல்லாரும் பார்க்கவே டிஸ்ட்ரிபியூட்டரைப் பத்திரமான இடத்துக்குத் திருப்பினான். ஹேண்டிலைச் செருகி ஒரு இழுப்பு இழுத்தான். வண்டி சமர்த்தாகக் கிளம்பியது. பிறகு, ஓடும் வண்டியில் காதை வைத்து டைமிங் பார்ப்பது எந்த மெக்கானிக்கும் செய்கிற வேலைதானே, மெல்ல டிஸ்ட்ரிபியூட்டரை மறுபடியும் முன்னால் தள்ளினான். சத்தம் ஏறியது. இன்ஜின் உறுமியது. இன்னும், இன்னும் என்று கைகாட்டினான் மில்காரன். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மெக்கானிக் அவன் ஆசையை நிறைவேற்றி, ஒரு விரல் அகலம் கூடுதலாகவே தள்ளி, போல்ட்டை முடுக்கி, வண்டியை நிறுத்தினான். இனி அடுத்த முறை அந்த ஹேண்டிலைப் பிடிக்கிறவன் கை ஒடியும். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்கு நெஞ்சு லேசானது.

கை கழுவ வீட்டுக்குள் போனான். அக்கா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்து வீக்கம் வடிந்து மஞ்சளாகியிருந்தது. வண்டி இப்போது லேசாகக் கிளம்புகிறதா என்று கேட்டாள். ஏன் கேட்கிறாய் என்றான்.

"நாளைக்குக் காலையில நான்தானே சுத்தணும்" என்றாள் அக்கா. "பழசு நாலு சுத்து சுத்தினாத்தான் கேக்கும். கை விட்டுப்போகுது."

மெக்கானிக் குழாயை மூட மறந்து நின்றான். அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். எட்டு மாசத்துக்கு முன் மரம் உருண்டு விழுந்ததில் மில்காரனுக்கு வலது தோள் இறங்கிவிட்டது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. வெளியே தெரிந்தால் ஆட்கள் மதிக்க மாட்டார்கள் என்று மூடி மறைக்கிறான். ஆட்கள் வரும் முன்பே ஆறு மணிக்கு அவளை எழுப்பி ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, தான் ஸ்டார்ட் செய்த மாதிரி பக்கத்தில் நிற்பான்.

"அப்ப உன்னை அடிக்கிறது?"

"இடது கைதான்" என்றாள். "அது நல்லாத்தான் இருக்கு."

வலது கன்னம். எதிரே நிற்கிறவனின் இடது கை. இன்ஜின் இருமுகிற இருமலை வைத்தே எந்த சிலிண்டர் என்று சொல்கிறவனுக்கு, சொந்த அக்காவின் முகத்தில் அடி எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை. அவனுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான்.

போல்ட்டில் ஸ்பேனரை வைத்ததும் பின்னால் குரல் கேட்டது. நன்றாக ஓடுகிற வண்டியில் எதற்காக மறுபடியும் கை வைக்கிறாய் என்றான் மில்காரன். இன்ஜின் சூடாகும், கொஞ்சம் குறைத்து வைக்கிறேன் என்று உளறினான் மெக்கானிக். மில்காரன் கெட்டவனே தவிர மடையன் இல்லை. இருபது வருஷம் இன்ஜினோடு வாழ்ந்தவன். மெக்கானிக்கைத் தள்ளிவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினான். ஒரு ரம்பக்காரனைக் கூப்பிட்டு, சுவிட்ச் போடாமல் ஹேண்டிலை மெதுவாகத் திருப்பச் சொன்னான். தான் குனிந்து பார்த்தான். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எவ்வளவோ முன்பே பாயிண்ட் திறந்தது. மறுபடியும் திருப்பச் சொல்லிப் பார்த்தான். மூடியை நிதானமாக மாட்டினான்.

"திருப்பி அடிக்கிற மாதிரி வெச்சிருக்க" என்றான். "என் கைக்கா மச்சான்?"

மெக்கானிக் பதில் சொல்லும் முன்பே முதல் அடி விழுந்தது. மில்காரன் இடது கையில் அறுத்துப்போட்ட ரீப்பர் கட்டை ஒன்றை எடுத்திருந்தான். காதோடு சேர்த்து அடித்தான். மெக்கானிக் டிராக்டரின் சக்கரத்தில் மோதி விழுந்தான். எழப் போனவனை விலாவில் மிதித்தான். மெக்கானிக் காலைப் பிடித்து இழுத்து, விழுந்தவன்மேல் ஏறி, முகத்தில் நான்கு குத்து விட்டான். இரண்டு வருஷத்துக் கோபம் அந்த நான்கு குத்தில்தான் வெளியே வந்தது. மில்காரனின் உதடு கிழிந்து பல்லெல்லாம் ரத்தமானது. அதற்குள் ரம்பக்காரர்கள் இரண்டு பேரும் மெக்கானிக்கின் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்துவிட்டார்கள். மில்காரன் எழுந்து, மரம் புரட்டும் இரும்புக் கொக்கியை எடுத்துக்கொண்டான். அவனுக்குக் கண்மண் தெரியவில்லை. இல்லாவிட்டால் எட்டு மாசமாகப் பொத்திப் பொத்தி வைத்த ரகசியத்தை ஆட்கள் முன்னால் தானே அவிழ்த்திருக்க மாட்டான்.

"வாடி வெளிய" என்று கத்தினான். "தினமும் நீதானே சுத்துவ. வந்து சுத்து."

ரம்பக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா ஈரக் கையோடு படியில் வந்து நின்றாள். தொடாதே அக்கா, கை ஒடிந்துவிடும், நான்தான் அப்படி வைத்தேன் என்று அலறினான் மெக்கானிக். அவள் தம்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், ஹேண்டிலைப் பார்த்தாள்.

"உங்க ரெண்டு பேர் சண்டைக்கும் என் கைதான் கிடைச்சுதா?" என்று கேட்டாள்.

மில்காரன் தலைமுடியைப் பற்றி அவளை இழுத்துவந்து ரேடியேட்டர் முன்னால் தள்ளினான். சுவிட்சைப் போட்டான். கொக்கியின் முனை அவள் கழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் குனிந்து ஹேண்டிலைப் பிடித்தாள். யாரும் சொல்லித் தராததால், புருஷன் பிடிப்பதைப் பார்த்துக் கற்ற பிடி. கட்டை விரலை வளைத்து, முஷ்டியாக. அதைப் பார்த்ததும் மெக்கானிக் பிடியிலிருந்து திமிறினான். நான் சுற்றுகிறேன், அவளை விடு, நான் சுற்றுகிறேன் என்று கெஞ்சினான்.

மில்காரன் யோசித்தான். அந்த யோசனை அவனுக்குப் பிடித்திருந்தது. அவளைக் காலால் ஒதுக்கிவிட்டு, மெக்கானிக்கை விடச் சொன்னான். மெக்கானிக் வந்து ஐந்து விரலையும் ஒரே பக்கம் வைத்தான்.

"அப்படி இல்ல" என்றான் மில்காரன். "நான் பிடிக்கிற மாதிரி பிடி."

கொக்கி இன்னும் அக்காவின் கழுத்துப் பக்கம்தான் இருந்தது. மெக்கானிக் கட்டை விரலை வளைத்தான். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றினான். பாதிச் சுற்றில் உள்ளே ஒரு வெடி. ஹேண்டில் வந்த வேகத்தைப்போலப் பத்து மடங்கு வேகத்தில் திரும்பியது. விறகு முறிகிற சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. அவன் மண்ணில் கிடந்தான். வலது மணிக்கட்டு இருக்கக் கூடாத இடத்தில் மடங்கி, எலும்பு ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. அவன் கத்தினானா என்று அவனுக்கே பிறகு நினைவில்லை. தான் அளந்து வைத்த வெடி, தான் நினைத்த மாதிரியே வேலை செய்திருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

மில்காரன் சிரித்தான். ஒற்றைக் கையால் டைமிங்கைச் சரி செய்து, வண்டியை ஓடவைத்துக் காட்டிவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போ என்றான். அதுவரை இந்த கேட் திறக்காது என்று சொல்லிவிட்டுப் போய்ப் பூட்டைப் போட்டான், சாவியை இடுப்பில் செருகினான், கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு பீடி பற்ற வைத்தான். ரம்பக்காரர்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு மரத்தூள் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்கள்.

அக்கா முந்தானையைக் கிழித்துத் தம்பியின் கையை ஒரு ரீப்பர் துண்டோடு சேர்த்துக் கட்டினாள். அழவில்லை. கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்தாள்.

"எந்தப் பக்கம் திருப்பணும், சொல்லு."

அவன் சொன்னான். போல்ட்டைத் தளர்த்து. உன் பக்கம் திருப்பு. இன்னும் ஒரு விரல் அகலம். போதும், இறுக்கு. இனி கட்டை விரலை மடக்காமல் பிடி. அவள் ஒரே இழுப்பில் சுற்றினாள். வண்டி கிளம்பியது, கல்யாணமாகி வந்த ஒன்பது வருஷத்தில் அவள் பார்க்காத அளவுக்கு லேசாக. கேட்டுப் பக்கமிருந்து மில்காரன் நல்லது என்று தலையாட்டினான்.

அக்கா அதை நிறுத்தவில்லை. தம்பியைத் தாங்கித் தூக்கி மட்கார்டில் உட்காரவைத்துவிட்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தினமும் ஸ்டார்ட் செய்கிறவளை அந்த சீட்டில் இதுவரை யாரும் உட்காரவிட்டதில்லை. எதை அழுத்தினால் போகும் என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்புகிறாள், வண்டி நகர்வதைப் பார்த்தால் அவன் கேட்டைத் திறந்துவிடுவான் என்று நினைத்து மெக்கானிக் சொன்னான். இடது கால் கிளச். கியரை இப்படித் தள்ளு. காலை மெதுவாக எடு. டிராக்டர் ஒரு குலுக்கு குலுங்கி நகர்ந்தது. ஒரு ஆள் நடக்கிற வேகம்தான்.

மில்காரன் பீடியை எறிந்தான். ஓடவில்லை. இரண்டு எட்டு முன்னால் வந்து, இடது கையை ரேடியேட்டரில் வைத்துத் தடுப்பதைப்போல நின்றான். இறங்குடி என்றான். வண்டி வந்தது. அவன் ஒரு எட்டு பின்னால் வைத்தான். உனக்கு அவ்வளவு தைரியமா என்றான். இன்னொரு எட்டு பின்னால் வைத்தான். அவள் தன்மேல் ஏற்ற மாட்டாள் என்பதில் அவனுக்குத் துளி சந்தேகமும் இல்லை. ஒன்பது வருஷமாக அவள் ஒரு தடவைகூடக் கையை உயர்த்தியதில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் கேட் இருந்தது. அதைப் பூட்டியதும் அவன்தான்.

"இதை எப்படி நிறுத்தறது?" என்று அக்கா கேட்டாள். குரலில் பதற்றம் இல்லை.

மெக்கானிக் மில்காரனைப் பார்த்தான். இவ்வளவு நாள் அவன் ஆசைப்பட்டதெல்லாம் பத்தடி தூரத்தில் நின்றது. சொல்லாமல் இருந்துவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் கொஞ்சம் முன்னால் அக்கா ஹேண்டிலைப் பிடித்த பிடி அவன் கண்ணை விட்டுப் போகவில்லை. இன்னொரு தடவை தன் வேலை அவள் கையில் போய் முடிய அவன் தயாராக இல்லை.

"இடது காலால கிளச்சை அழுத்து, வலது காலால பிரேக்கை அழுத்து" என்றான். அவள் காதில் விழவில்லையோ என்று இன்னும் உரக்கச் சொன்னான். "அக்கா, முதல்ல இடது, அப்புறம் வலது."

அக்கா தலையாட்டினாள். புரிந்தது என்றாள். அவளுடைய கால்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

மில்காரனின் முதுகு கேட்டில் இடித்தது. அப்போதுதான் அவன் முகம் மாறியது. பக்கவாட்டில் பாயப் பார்த்தான். இடது கை ரேடியேட்டருக்கும் கேட்டுக்கும் நடுவில் சிக்கியது. கேட் ஓலமிட்டு வளைந்தது, அவனும் ஓலமிட்டான். எந்த ஓலம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தோளிலிருந்து விரல் வரை அந்தக் கை நசுங்கும் மட்டும் வண்டி தள்ளியது.

பிறகு அக்கா முதலில் இடது காலையும் அப்புறம் வலது காலையும், தம்பி சொன்னபடியே, வைத்து அழுத்தினாள்.